சந்தேகக் காளை

ஒரு மாட்டின் நாக்கில் முள் குத்தினால் எச்சில் வடியும். எல்லா நாட்டு மாடுகளும் கடைப்பிடித்து வரும் நடைமுறை இது. என் செவலைக் காளையும் அதைத்தான் கடைப்பிடித்தது.

எங்கேயோ கோமாரி நோய் பரவுகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம். அந்த நோய் வந்தாலும் மாட்டுக்கு எச்சில்தான் வடியும். அன்றைக்கென்று கால்நடை ஆய்வாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். கொட்டகைக்குள் காலை வைக்கவில்லை. முப்பதடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘சந்தேகம்’ என்று எழுதிவிட்டுப் போனார். அன்று முதல் அவருக்கு முப்பதடியார் என்று பெயர். வைத்தது நான்தான்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் முள்ளைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் சந்தேகம் அதற்குள் மேலிடம் போய், அங்கிருந்து கடல் தாண்டிவிட்டது. எங்கள் மாட்டுக்கறியை வாங்கிக்கொண்டிருந்த நாடு, “கடைசிச் சந்தேக மாட்டின் கோப்பை மூடுங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்று கதவைச் சாத்தியது. ஏற்றுமதி ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அங்கே குளிர்கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த என் மாப்பிள்ளை, என் மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியோடு என் வீட்டில் வந்து இறங்கினார்.

நல்ல மனிதர்தான். ஆனால் பத்து வருஷம் குளிரில் இருந்த உடம்புக்கு எங்கள் வீட்டுக் காற்று போதவில்லை. இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே என் சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தவர், சாய்ந்தவர்தான். நான் வாசற்படிக்கு வந்தேன். ஆலை திறந்தால்தான் எனக்கு நாற்காலி.

ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

முப்பதடியார் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க பெரியவரே. சந்தேகத்துல இருந்து வெளிய வர ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஒண்ணு ‘குணமடைந்தது’. இன்னொண்ணு ‘இறந்தது’.”

“குணமடைந்ததுன்னு போடுங்க.”

“நோயே வரலையே, எப்படிக் குணமாகும்? என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?”

“அப்ப அறுத்துடறேன். இறந்ததுன்னு போடுங்க.”

“சந்தேக மாட்டை அறுக்கக் கூடாது. அதுவா சாகணும்.”

“அதுக்குப் பதினஞ்சு வருஷம் ஆகுமே! அதுவரைக்கும் ஏற்றுமதி நின்னுடுமா?”

“நிக்காது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிலுவையில இருக்கும்.”

மேலிடம் கூடி ஆலோசித்தது. சந்தேகத்தில் இருக்கும் மாடு அகாலமாகச் செத்தால் விசாரணை வரும். ஆகவே அது சீரும் சிறப்புமாக வாழ வேண்டும் என்று உத்தரவானது. கொட்டகைக்கு ஒரு காவலாளி. தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. காலை நனைக்காமல் நான்கூட நுழையக் கூடாது. மூன்று வேளையும் உடல் சூடு பார்த்து நோட்டில் எழுதினார்கள். போன வருஷம் நான் எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஒருத்தர் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் முப்பதடியார், “காளைக்கு வேர்க்குதே” என்றார். என் மின்விசிறியைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டினார்கள்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டார். “எனக்குக் காத்து முக்கியம் மாமா.”

கடைசியில் வெளிநாட்டுக் குழு வந்தது. வெள்ளை உடுப்பில் இரண்டு பேர். நாலு நாள் ஊர் ஊராகச் சுற்றி, பார்த்த கொட்டகையில் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். என் கொட்டகையில் காலை நனைத்துக்கொண்டு நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். விரிப்பு, நோட்டு, சுழலும் காற்று, மாட்டின் பக்கத்திலேயே கண்மூடிக் கடமையாற்றும் ஓர் அதிகாரி!

“இப்படி வளர்த்தால் தாராளமாக வாங்குகிறோம்” என்றார்கள்.

இப்படி வளர்க்க விதி இருப்பது சந்தேக மாடுகளுக்கு மட்டும்தான். எனவே மறுவாரமே சுற்றறிக்கை வந்தது: ‘இனி சந்தேகத்துக்குரிய மாடுகள் மட்டுமே ஏற்றுமதிக்குத் தகுதியுடையவை. சந்தேகமற்றவை உள்ளூர் மக்களுக்கு வழங்கப்படும்.’

பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். “அண்ணே, ஆய்வாளர் உங்களுக்குப் பழக்கமாமே. என் நாலு மாட்டையும் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லுங்களேன்.”

முப்பதடியாருக்குப் பதவி உயர்வு. இப்போது முப்பதடி வரைகூட வருவதில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே சந்தேகப்படுகிறார்.

ஆலை திறந்த அன்று மாப்பிள்ளையின் பெட்டியை நானே துடைத்து வாசலில் வைத்தேன். அதற்குள் ஓர் உத்தரவு வந்தது. என் காளை முன்மாதிரிக் காளையாம். அதை அறுக்கக் கூடாதாம். கொட்டகைக்கு நிரந்தரப் பொறுப்பாளர் என் மாப்பிள்ளை. பணியிடம், மாமனார் வீடு. நாற்காலியும் மின்விசிறியும் அலுவலக உபயோகத்துக்கு.

“அலைச்சல் இல்லாம போச்சு, இல்ல மாமா?” என்று பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

ஏற்றுமதியில் மிஞ்சிய சந்தேகக் கறி ஊர்க் கடைக்கும் வந்தது. முதலில் வசதியானவர்கள் கேட்டார்கள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். விருந்தில் சாதாக் கறி போட்டதற்காக ஒரு சம்பந்தமே முறிந்தது. செத்தாலும் சந்தேகம் என்ற வார்த்தையை என் வாயால் சொல்வதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். நேற்று என் மனைவி பையைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

“பெரியவருக்கு எது? சந்தேகமா, சாதாவா?” என்றார் கடைக்காரர்.

பின்னால் வரிசையில் நின்ற மொத்தத் தெருவும் என் வாயைப் பார்த்தது.

“சந்தேகமே குடுப்பா” என்றேன். “வீட்ல மாப்பிள்ளை இருக்காரு.”