எருக்கஞ்செடிக்கு வேண்டியவர்

சாக்கோட்டைப் பக்கம் மனிதர்களுக்கு ஜாமீன் கிடைக்காமல் போனதுண்டு. பூச்சி வக்கீல் ஆஜரான எந்தப் பூச்சிக்கும் கிடைக்காமல் போனதில்லை. அவர் சட்டம் படித்தவரல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இயற்கை முறையில் தட்டைப்பயறு போட்டவர். நானோ வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்த முகமூடி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முகமூடி போட்டு மருந்தடித்த ஒரு மனிதரைத்தான் கடைசிவரை பார்க்கவில்லை.

வக்கீல் கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். இலையில் எது ஊர்ந்தாலும், "விசாரிக்காம நசுக்காதீக சார், நம்ம ஆளா இருக்கும்" என்பார். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலைத் தெளித்துவிட்டு அதே சட்டையோடு திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறுவார். முகூர்த்த நாள் நெரிசலிலும் மூவர் இருக்கையில் தனியாகப் பயணம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு தை மாதம் அவர் பயறில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியது. இயற்கை விளைபொருள் சான்றுக்கு அதுதான் கடைசிப் பருவம். ஒருமுறை ரசாயனம் அடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இன்னொரு தடவ முதல்லேர்ந்துன்னா, நெலத்த வித்துட்டு மக வீட்டுக்குப் போயிருவோம். சொல்லிப்புட்டேன்" என்றார் அவர் மனைவி.

வயலில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுப் புழுக்கள் இருந்தன. குட்டி முதலை மாதிரி, கறுப்பாக, முள்முள்ளாக இருக்கும். களையெடுக்க வந்த பெண்கள் அக்கறையோடு அவற்றைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள்.

"பெருசு பெருசா இருந்ததையெல்லாம் எடுத்துப்புட்டோம்ணே! குட்டியூண்டு பொடிசுதான் மிச்சம்."

வாளியைப் பார்த்த வக்கீல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர்களைத் திட்டவில்லை. என்னிடம் மட்டும், "மூஞ்சியப் பாத்துத் தீர்ப்புச் சொல்லிப்புட்டாக சார்" என்றார்.

மறுநாள் காலை என் வீட்டுத் தூக்குவாளியை வாங்கி, கேட்காமலே மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக் கண்டனூர் போனார். அங்கே பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் எருக்கு காடாக மண்டி, பொறிவண்டு கொழித்திருக்கும். போனால், வாசலில் வாழைமரம். கல்யாண வீடு! எருக்கை வெட்ட ஆள் அரிவாளோடு நின்றார்.

"வாங்க, வாங்க. பொண்ணு வீட்டுக்கு வேண்டியவுகளா, மாப்பிள்ளை வீட்டுக்கா?" என்று எதிர்கொண்டார் ஓர் ஆச்சி.

"ரெண்டும் இல்ல ஆச்சி. பின்னால நிக்கிற எருக்கஞ்செடிக்கு வேண்டியவுக."

ஆச்சி தூக்குவாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, பலகாரம் சாப்பிட்டுட்டு ஆகவேண்டியதப் பாருங்க."

கந்தரப்பம் தின்ற பிறகு அரிவாள்காரரும் எங்களோடு சேர்ந்து வண்டும் புழுவும் பிடித்தார்.

வயலுக்கு வந்ததும் மூடியைத் திறக்கப் போனவரைத் தடுத்தேன். "வெயில்ல விட்டா வண்டு பறந்துரும். சாயங்காலம் செடிய நனைச்சுட்டு விடணும்."

"இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தன நாளா மருந்து பேரச் சொல்லிக்கிட்டிருந்தீக?"

பாதி விளைச்சல் போயிற்று; மீதியை வண்டுகள் காப்பாற்றின. சான்று கிடைத்தது, நிலம் நின்றது.

மனைவிக்கு முழங்கால் வலி வந்ததால் வக்கீல் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். மருந்தடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு நிலத்தைக் களையெடுத்த அந்தப் பெண்களிடமே குத்தகைக்கு விட்டுப் போனார். "இங்குட்டு ஆறாவது மாடி சார். ஒரு எறும்புகூட வர்றதில்ல. யாருக்குன்னு பேசுறது?" என்றார் போனில்.

பழைய பாத்திரக்காரர் தெருவில் கூவும்போதெல்லாம் என் மனைவி அந்த ஓட்டைத் தூக்குவாளியை எடுக்கிறாள். நான் வாங்கி உள்ளே வைத்துவிடுகிறேன். அவர் வந்தால் கேட்பார்.