மேனேஜரின் இடது காது

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. 'அனைவரும்' என்றால் நானும் பூனையும்தான். முறைக்காக எழுதிவிட்டேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

நடந்ததை உங்கள் தங்கை அவள் பக்கமாக வெட்டித் தைத்துச் சொல்லியிருப்பாள். துணியை விரித்து நானும் காட்டிவிடுகிறேன். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் மேனேஜர் என்று நாங்கள் பெயர் வைத்த அந்தப் பூனை, காதில் பூச்சி புகுந்து, அரிப்பு தாங்காமல் தலையை உதறி உதறி, ஒரு காலையில் பார்த்தால் இடது காது நான் குண்டூசி குத்தி வைக்கும் மெத்தை மாதிரி உப்பியிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "உள்ளே ரத்தம் கட்டியிருக்கு" என்று சொன்ன டாக்டரம்மா, மயக்க மருந்து கொடுத்து, கீறி ரத்தத்தை எடுத்துவிட்டு, தோலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் மறுபடி பிரியாமல் இருக்கக் காது முழுக்கத் தையல் போட்டார். மேல்துணியும் லைனிங்கும் நகராமல் நாங்கள் முதலில் தற்காலிகமாக ஓட்டித் தைப்போமே, அதே வேலை. ஆனால் மச்சான், அந்தத் தையல்! ஒன்று கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று மேற்கே பார்க்கிறது. என் கடையில் அப்படித் தைத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.

இத்தனை வருடப் பழக்கம் சும்மா இருக்க விடுமா? துணி நகராமல் நின்றுவிட்டால் அந்த ஓட்டுத் தையலைப் பிரித்துவிடுவோம். காதும் வற்றி, தட்டையாக, சமர்த்தாக இருந்தது. உங்கள் தங்கை கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நூல் வெட்டும் சின்னக் கத்திரியால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். மேனேஜர்கூட ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காது மறுபடி பன் மாதிரி உப்பிவிட்டது.

மறுபடி கொண்டுபோனதும் டாக்டரம்மா கேட்டார், "யாரு பிரிச்சது?"

"தானா அவிழ்ந்துடுச்சும்மா."

"தானா அவிழ்ந்த நூலு இவ்ளோ சுத்தமா வெட்டியிருக்குமா? நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

என் கழுத்தில் கிடந்த அளவு நாடா பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது தடவை தைத்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். "ஒட்டற வரைக்கும்கூட உங்களுக்குப் பொறுக்காதா?" என்று மட்டும் கேட்டாள். அவள் சொன்னது காதை மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிய இரண்டு மூன்று நாள் ஆனது. அதற்குள் உங்கள் வீட்டுக்கு வரப் பெட்டியைக் கட்டிவிட்டாள். "உங்க அண்ணன் வீட்டுல நாய் இருக்கே, அங்க மேனேஜர் என்ன ஆவான்?" என்றேன். "கெடுத்தது நீங்க, சரி பண்றதும் நீங்க. காது ஆறட்டும், அப்புறம் நான் வர்றதைப் பத்திப் பேசலாம்."

அன்றிலிருந்து, காதைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட புனலோடு மேனேஜர் வீடு முழுக்க இடித்துக்கொண்டு திரிகிறார். நாற்காலி, கதவு, தையல் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் 'டொக்'. ஆள் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் நாய் குரைக்கும். சாப்பிடும்போது அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அந்தப் புனலுக்குள்ளிருந்து என்னையே பார்க்கிறார். கடைக்கு வருபவர்கள் எல்லாரும் "அம்மா எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள், ஒருவராவது என் தையலைப் பற்றிக் கேட்க வேண்டுமே! கொக்கியும் பொத்தானும் அவள் கை வேலை. நான் வைத்த கொக்கி ஒரு கல்யாண வீட்டில் தெறித்துவிட்டதாம், அந்தப் பெண்மணி இப்போது எதிர்க்கடையில் தைக்கக் கொடுக்கிறார்.

போகட்டும். நல்ல செய்தி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தையலை டாக்டரம்மாவே பிரித்துவிட்டார், காது ஆறிவிட்டது. இஸ்திரி போடாத காலர் மாதிரி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நான் நீவிவிடக்கூட இல்லை, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். ஆகவே அவள் வைத்த கெடு முடிந்தது. அவளை அனுப்பி வையுங்கள். உங்கள் வீட்டாருக்கும், தூரத்திலிருந்தே, நாய்க்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மேனேஜர் தலையை உதறினார். போய்ப் பார்த்தேன். வலது காது உப்பியிருக்கிறது. மேலே 'நலம்', 'ஆறிவிட்டது' என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள். மருந்து விடும்போது தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். சின்னது பெரியது எல்லாக் கத்திரிக்கோலையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அவள் வந்து திறக்கிற வரைக்கும் கடை மூடியிருக்கும்.