அத்தான் படத்துக்கு வந்த முகம்

திருச்சுழி,
ஆவணி பிறந்த மறுநாள், 1969.

சென்னைப் பட்டணத்தில் அச்சாபீஸ் உத்தியோகத்தில் சிறந்து விளங்கும் அருமை மருமகன் வெள்ளத்துரைக்கு, தாய்மாமன் பொன்னுச்சாமி ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அம்மாவும், உன் அத்தை சுப்பம்மாளும், நானும், கடையும் நலம். படம் மட்டும் நலமில்லை. அதைப் பற்றி வேறு யாராவது முந்திக்கொண்டு எழுதினால் நம்பாதே. இதற்காக லீவு கீவு போட்டு வந்தும் விடாதே.

உன் அப்பாவின் தெவசத்துக்கு நீ வந்திருந்தபோது, நான் வரைந்து தருவதாகச் சொல்லியிருந்ததை நினைத்து, "படம் எங்கே மாமா?" என்று கேட்டாய். காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். பென்சில் படம் காய வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போனாய். அன்றைக்கு உன் அம்மா வெறும் சுவருக்கு முன்னால் விளக்கை வைத்துவிட்டு, "அவுக மொகம் கொஞ்சங்கொஞ்சமா மறந்துக்கிட்டே வருதுடா தம்பி" என்று என்னிடம் சொன்னாள். உனக்குத்தான் தெரியுமே, அத்தான் ஒரே ஒரு போட்டோவில்தான் இருக்கிறார், அதிலும் திருவிழாக் குடைக்குப் பின்னால். வலது காது மட்டும்தான் தெரிகிறது. நான் விடுவேனா? "காது ஒண்ணு போதும்க்கா, மிச்சத்தை நான் கொண்டாந்திருவேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்பில் என் சிலேட்டைப் பார்த்து வாத்தியாரே பேச்சற்று நின்றவர். (என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை.)

நீ அனுப்பிய படம் வரையும் புத்தகத்தில், தினம் கால் மணி நேரம் போதும், கண் முன்னால் இருப்பதை வரை என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைத்ததும் அந்தக் கால் மணிதான். மத்தியான பஸ்ஸு போனபிறகு, சுப்பம்மாள் சோற்றுத் தூக்குடன் வருவதற்கு முன்னால், கடையில் மிளகாய் மூட்டைமேல் பொட்டலத் தாளை விரித்துக்கொள்வேன். முதலில் அடுத்து வரும் பஸ்ஸை வரைந்தேன். பாதி முடிவதற்குள் டிரைவர் மீதியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். எருமையை வரைந்தேன், அது தாளைத் தின்றது. மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்ததில் கண்ணீர் ஆறாக ஓடியது. சரக்கு வாங்க வந்தவர்கள், "மச்சான் நெனப்புல இந்த மனுசன் எப்படி உருகுறாரு பாரு" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான். எதிர்க்கடை டெய்லர் யாக்கோபு. மிஷின்மேல் குனிந்தால் குனிந்ததுதான். ஊசியில் நூல் கோத்துக் கோத்து ஒரு கண் சின்னது, மூக்கோரம் ஒரு மச்சம், கழுத்தில் அளவு நாடா. மாசக்கணக்கில் தினமும் அவரையே வரைந்து பழகினேன், அவருக்குத் தெரியாமல். கை நன்றாகப் படிந்துவிட்டது. பிறகு கண்ணை மூடி அத்தானை நினைத்துக்கொண்டு, காதிலிருந்து தொடங்கி, ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். பார்த்த முகமாகவே இருந்தது. அத்தான்தானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுப்பம்மாளும், "ஆமா, தெனம் பாத்த மொகமாத்தான் இருக்கு" என்றாள். அருப்புக்கோட்டையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆடி அமாவாசையன்று படத்திறப்பு. காரியாபட்டி வரைக்கும் கூட்டம். கூட்டம் என்றால், வாசல் நிறைய. கண்ணாடிமேல் நானே திருநீறு பூசி, மாலை போட்டு, சிவப்புத் திரை கட்டினேன். திரை தைத்துக் கொடுத்தவர் யாக்கோபு. காசு வேண்டாம் என்று சொல்லி, திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். உன் அம்மா திரையை இழுத்தாள். பேச வந்திருந்த பொன்ராஜ் வாத்தியாருக்குக் கண்ணாடி இல்லாமல் எட்டத்தில் இருப்பது தெரியாது. எழுதிக் கொண்டுவந்த பேச்சுத் தாளைப் பார்த்து, "அன்னார் மறைந்துவிட்டார் என்று யார் சொன்னது? இதோ நம்மிடையேதான் நின்றுகொண்டிருக்கிறார்!" என்று முழங்கினார். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு யாக்கோபைப் பார்த்தார்கள்.

யாக்கோபும் படத்தைப் பார்த்தார். மச்சத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அண்ணாச்சி, என்னையச் சாகடிச்சதுகூடப் போகட்டும். ஞாயித்துக்கெழம தவறாமக் கோயிலுக்குப் போறவனுக்குப் பட்டையில்ல அடிச்சு விட்டிருக்கீக!" என்றார். அவர் சம்சாரம் சவுந்தரம், "உசுரோட இருக்கிற மனுசனுக்கு மால போட்டுட்டீகளே, நீங்க நல்லாருப்பீகளா?" என்று பாய்ந்து வந்து, மாலையைப் பிய்த்து எறிந்து, முந்தானையால் கண்ணாடியில் திருநீற்றைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க யாக்கோபு இன்னும் தெளிவாகத் தெரிந்தார். அத்தான் கழுத்துத் துண்டில் நம்பர் போட்டிருக்கிறது என்று எவனோ சத்தம் போட்டான். அது சுத்தப் பொய். அவை கோடுகள்.

சிரிப்பும் சத்தமும் அடங்கியபிறகுதான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படத்துப் பக்கத்தில் போய், ஒரு விரலால் தொட்டு, "காது அவுக காதுதான்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அதன் முதுகுக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். மாப்பிள்ளை, எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (பாயசம் மட்டும் கொஞ்சம்.)

யாக்கோபு இப்போது மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கடையில் உட்கார்ந்தால் அவர் முதுகுதான் தெரிகிறது. சரக்கு வாங்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, இன்னைக்கு யாரச் சாகடிக்கப் போறீக?" என்று கேட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறார்கள். எனக்கும் சேர்த்து மூடிக்கொள்ள ஒரு துண்டு வேண்டும். ஆகவே, இந்தத் தொழிலை இன்றோடு விட்டேன். நீ அனுப்பிய பென்சில் பெட்டியையும் புத்தகத்தையும் பார்சலில் திருப்பி அனுப்பியாயிற்று. இனி என் கை தராசைத் தவிர எதையும் தொடாது. சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மழை இல்லை, இருந்தாலும் நீ அங்கே நனையாதே. சுழியல் திருமேனிநாதர் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் மாமன்,
பொன்னுச்சாமி.

பின்குறிப்பு: பார்சல் அனுப்பவில்லை. உடனே லீவு போட்டு வா. இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கண்ணுக்கு முன்னால உக்காந்த மொகந்தானே ஒனக்கு வருது? எம் மகன் அவுக அப்பாவ உரிச்சு வச்சவன். அவன உக்கார வச்சு வரை. வயசையும் நரையவும் நான் சொல்லச் சொல்லப் போடு. மால வேணாம், நான் பாத்துக்கிட்டிருந்தாப் போதும்" என்றாள். யாக்கோபிடம் போய்ச் சொன்னேன். முகத்தைத் திருப்பாமலே, நீ உட்காரத் தன் முக்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். தினம் கால் மணிதான், மத்தியான பஸ்ஸு போனபிறகு. வரும்வரை மீசையில் கத்தி வைக்காதே. காதை மட்டும் நீ காட்ட வேண்டியதில்லை. அது சரியாக வந்துவிட்டது.