தொட்டிக்குள் ஒரு மாப்பிள்ளை

இரண்டாவது பெண்ணையும் மாப்பிள்ளை கடித்துத் துரத்திவிட்டது.

பெண் வால் கிழிந்து தொட்டியின் மூலையில் ஒதுங்கியது. மாப்பிள்ளை நடுவில் நின்றது. கறுப்பு உடம்பில் மின்னல் கீறியது போல வெள்ளை வரி. அப்படி வரி விழுந்த கோமாளி மீன் சுலபத்தில் கிடைப்பதில்லை.

அருள்குமார் பெண்ணை வலையால் எடுத்து வேறு தொட்டியில் விட்டான்.

"என்னுங்க மாப்பிள்ளை, இதுவும் புடிக்கலையாமா?" மாமியார் கமலாத்தாள் கதவருகே நின்று கேட்டாள்.

"புடிக்கலைங்க அத்தை. கையைக் கழுவாம உள்ள வராதீங்க."

"சரிங்க மாப்பிள்ளை."

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கும் அந்த வீட்டுக்குக் கடல் வெகுதூரம். யோகப்பிரியாதான் உப்பைக் கலக்கிப் பின்னறையில் ஒரு கடல் செய்து வைத்தாள். மீன்களை ஜோடி சேர்த்து, முட்டை பொரிக்க வைத்து, கோயமுத்தூருக்கும் கொச்சிக்கும் குஞ்சு விற்றாள். அவள் கணவன் அருள்குமார் பி.காம். படித்து அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். அந்த அறையில் அவனுக்கு வாளி தூக்குவது மட்டும்தான் வேலை. தாயென்றும் கணவனென்றும் பார்க்க மாட்டாள் யோகா. இடுப்பில் கை வைத்து, "கையைக் கழுவிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள். மகளை எதிர்த்துப் பேசாமல் கமலாத்தாள், "சரி, அம்மணி" என்று திரும்பிப் போவாள்.

அங்கிருந்த ஜோடியில் பெண் மீன் பெரிது. சின்னது அதன் பின்னாலேயே திரியும். சின்னதுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது கமலாத்தாள். யாரைப் பார்த்து வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் யோகா காய்ச்சலில் போனாள். அடுத்த வாரம் பெரிய மீனும் போனது.

ஆலையிலிருந்து வந்ததும் அருள்குமார் அவளுடைய ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நீல வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவான். கணவாய்க் காற்று தோப்புக்குள் அலையாக இரையும். தொட்டியில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். சில சமயம் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் தான் இருக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.

கமலாத்தாள் மறுகல்யாணப் பேச்சை எடுத்தபோது, தப்பிப்பதற்காக ஒன்று சொன்னான். "முதல்ல அந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி அமையட்டுங்க. அப்புறம் இந்த மாப்பிள்ளைக்குப் பார்க்கலாம்."

"வாக்குத்தானுங்களே?"

"வாக்குத்தானுங்க."

அன்றிலிருந்து மீனுக்குப் பெண் தேடுவதைக் கமலாத்தாள் கையில் எடுத்துக்கொண்டாள். பஞ்சாங்கம் பார்த்துத்தான் பெண்களைத் தொட்டியில் விடச் சொன்னாள். அப்படியும் கடி.

கொச்சியில் மீன் பண்ணை நடத்தும் ஜிஸ்மிக்கு மறுபடி போன் செய்தாள். "மாப்பிள்ளை ரெண்டு பொண்ணையும் கடிச்சுப்போட்டாருங்க. நல்லா வாட்டசாட்டமா, அடக்கி வெக்கறாப்புல ஒண்ணு அனுப்புங்க."

பால் ஊற்ற வந்த ராசம்மாள் போசியோடு அப்படியே நின்றாள். பொழுது சாய்வதற்குள் பக்கத்துக் கோபாலபுரத்திலிருந்து போன் வந்தது. அருள்குமாருக்காகக் கமலாத்தாள் சொல்லி வைத்திருந்த பெண் வீடு அது.

"ஏனுங்க, உங்க மாப்பிள்ளை கடிப்பாராமா?"

"ஐயோ, அது இந்த மாப்பிள்ளை இல்லீங்க! தொட்டிக்குள்ள கெடக்கற மாப்பிள்ளைங்க!"

அந்தப் பக்கம் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"தொட்டியில போட்டு வெக்கற அளவுக்கா முத்திப்போச்சு?"

போனை வைத்துவிட்டார்கள். அருள்குமாருக்குச் சிரிக்கலாம் என்று தோன்றியது. முகத்துக்கு அது மறந்திருந்தது.

கமலாத்தாள் அசரவில்லை. "மூத்தவ பொழங்குன சட்டி உள்ளேயே கெடக்குதுங்க. அப்புறம் வர்றவ எப்படிங்க பொழைப்பா? அதை எடுங்க."

பெரிய மீன் முட்டையிட்ட மண்சட்டி. எடுக்க உள்ளே கையை விட்டான். சட்டி நகர்ந்ததுமே மாப்பிள்ளை விரலைக் கடித்தது. அவன் உதறிய உதறலில் குழாய் கழன்றது. யோகாவின் கடல் தரையில் பரவி, கதவைத் தாண்டி, கமலாத்தாளின் கறிவேப்பிலைச் செடிவரை போனது. அருள்குமார் கணுக்கால் நனைய நின்றான். கடற்கரையில் நிற்பது போலிருந்தது.

"என்ற கருவேப்பிலை!" என்று வெளியே சத்தம் கேட்டது.

குழாயை மாட்டி, சட்டியைத் திரும்ப வைத்தான். ஆனால் மாப்பிள்ளை இரையெடுப்பதை நிறுத்திவிட்டது. அதுவும் போய்விட்டால், யோகா வளர்த்தது என்று அந்த அறையில் எதுவும் மிஞ்சாது. அருள்குமார் முதல்முறையாகத் தானே ஜிஸ்மியைக் கூப்பிட்டான். "பொண்ணு வேண்டாங்க. இது சாகாம இருந்தாப் போதும்."

பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் ஜிஸ்மியே காரில் வந்து இறங்கினாள். தொட்டியைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் நீளத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சேட்டா, இதுக்கா பெண்ணு தேடினது?"

பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்காக வைத்திருந்த பொடிக் கோமாளி மீனைக் காரிலிருந்து எடுத்துவந்தாள். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீர் ஒத்துப்போனதும் திறந்தாள்.

பொடி மீன் மாப்பிள்ளை முன்னால் போய் உடம்பைச் சாய்த்து நடுங்கியது. மாப்பிள்ளை கடிக்கவில்லை. ஒருமுறை சுற்றிவந்து, அதைச் சட்டிப் பக்கம் தள்ளியது. பிறகு வந்து இரையை விழுங்கியது.

"இது மாப்பிள்ளை அல்ல சேட்டா," என்றாள் ஜிஸ்மி. "இந்த மீன்ல பெண்ணு போயால், கூட இருந்த ஆண் பெண்ணாயிடும். பின்னே வேற பெண்ணை வீட்டுக்குள்ள விடுமோ? மாப்பிள்ளையல்லே தேடியிருக்கணும்!"

பட்டுப்போன கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டிருந்த கமலாத்தாள், காய்ந்த செடியோடு உள்ளே ஓடிவந்தாள்.

"அப்ப ஜோடி அமைஞ்சு போச்சுங்களா? மாப்பிள்ளை, நீங்க குடுத்த வாக்கு..."

அருள்குமார் ஏப்ரனோடு திரும்பினான். கை இடுப்புக்குப் போனது.

"மண்ணுக் கையோட தொட்டிக்கிட்ட வர்றீங்களே! கையைக் கழுவிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கமலாத்தாள் அப்படியே நின்றாள். மீனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள்.

"சரி, அம்மணி," என்றாள்.