கருவாட்டு வக்கீலும் ஒத்தைக் காதும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களில் மனுஷன் என்று நான் ஒப்புக்கொள்வது ஒரே ஒருவரைத்தான். அவர் பக்கத்தில் உட்கார மற்ற வக்கீல்களின் மூக்குதான் சம்மதிக்கவில்லை. அவர் கோர்ட்டுப் படியேறினால் பின்னாலேயே பூனைகளும் ஏறும். அவர்தான் கருவாட்டு வக்கீல்.

என் அக்கா திருக்கோகர்ணத்தில் கருவாடு விற்றவள். சரக்கு எடுத்து வருகிறேன் என்று மீமிசலுக்குப் போன அவள் புருஷன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அக்கா கைப்பிள்ளையோடு நின்றாள். ஜீவனாம்ச வழக்குப் போட வக்கீல் தேடி அலைந்தோம். நான் அச்சாபீசில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்துக்கு வக்கீலின் குடையைக்கூட அமர்த்த முடியாது.

ஒரு பெரிய வக்கீல், என்ன கொண்டுவந்தோம் என்று கேட்ட பிறகுதான் என்ன கஷ்டம் என்று கேட்டார். இன்னொருவர், புருஷன் காலில் விழுந்து கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தப் புத்திமதிக்கும் அவர் குமாஸ்தா கையை நீட்டினான். ஓடிப்போனவன் அவன், காலில் விழவேண்டியவள் இவளா? இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

கடைசியில் இவரிடம் போனோம். கட்சிக்காரர் என்ன விற்கிறாரோ அதுதான் இவருக்கு ஃபீஸ். குயவருக்கு வாதாடியபோது பானை வக்கீல். வெற்றிலைக்காரருக்கு வாதாடியபோது வெற்றிலை வக்கீல். எங்கள் வழக்கு இழுத்த இழுப்பில் கருவாடு ஒட்டிக்கொண்டது, பிறகு போகவே இல்லை.

இழுத்ததற்குக் காரணம் உண்டு. மீமிசல் வெள்ளைக்காரன் சீமை. சமஸ்தானத்துச் சம்மன் எல்லை தாண்டிப் போகும், ஆள் இல்லை என்று திரும்பி வரும். ஆள் அங்கே கால்மேல் கால் போட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பான்.

வக்கீல் ஒருநாள் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"ஏந்தாயி, அவனுக்குக் கூடப் பொறந்தவ இருக்காளா?"

"இங்கிட்டுத்தாங்க இருக்கா, கோயிலுக்குப் பக்கத்துல."

"அவ பிள்ளைக்குக் காது குத்தியாச்சா?"

குத்தவில்லை. தை மாதம் குத்துவதாக இருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள்? எங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

காதுகுத்து அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் அக்காவை விட்டுப் போன அந்தப் பயல் பட்டுத்துண்டு போட்டுக்கொண்டு, மருமகனை மடியில் வைத்து, பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை ஊரைக் கூட்டியது. அந்த நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து வக்கீல் வந்தார், கோர்ட்டு அமீனாவும் சம்மனுமாக.

"ஆசாரி, செத்த நிறுத்துங்க. மாப்ளே, எந்திரிக்காதீங்க. பிள்ளை விழுந்துரும். இதுல ஒரு கையெழுத்து."

அவன் முடியாது என்று முறைத்தான். வக்கீல் அவசரமே இல்லாமல் சம்மணம் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். சொந்தபந்தம் முழுக்க வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவன் தங்கச்சியே வெடித்தாள்.

"போட்டுத் தொலைண்ணே. ஒத்தக் காதோட எம்பிள்ளை மூளியா நிக்கணுமா?"

போட்டான். அதற்குப் பிறகும் கோர்ட்டுக்கு வராவிட்டால் வாரண்டு பிறக்கும், தங்கை வீட்டு நல்லது கெட்டதற்கு எல்லைக்குள் கால் வைக்க முடியாது. வந்தான். மாதாமாதம் கட்ட உத்தரவும் ஆனது.

தீர்ப்பன்று நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தோம். அக்கா கொடுத்த கருவாடு முழுக்கப் பூனைகளுக்கு முன்னால் கிடந்தது. மனுஷன் சுத்த சைவம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"பின்ன எதுக்குங்க வாங்குனீங்க?"

"சும்மா வாதாடுனா ஒங்கக்கா கூசிக்கிட்டு அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டா. கூலி குடுத்தவன்னாத்தான் என்னைய அதட்டிக் கேப்பா."

அக்கா கடைசிவரை கருவாடு விற்றாள். கூடையை இறக்கியதும் நல்ல வஞ்சிரமாக ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டுத்தான் மற்றதுக்கு விலை சொல்வாள். அவர் அதைத் தின்றதில்லை என்று தெரிந்த பிறகும் வைத்தாள். அவர் போன பிறகும் வைத்தாள்.