பெரிய மிஷினும் பின் சுவரும்

தம்மபாலன் ஒரு முடிவெடுத்தால் அதை முதலில் ஊருக்குச் சொல்வார். வீட்டுக்கு அப்புறம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் குழாயடியில்தான் அறிவிப்பு நடந்தது.

"இனிமே என் வூட்டுச் சுவத்துல ஆணி அடிக்கிற பேச்சே கெடையாது. கரண்டு மிஷினு வருது. துளை போடறேன், கட்டை சொருகறேன், ஸ்க்ரூ முடுக்கறேன், பலகை மாட்டறேன்!"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு பாப்பம்மா கேட்டாள்: "போன மாசம் மாட்டுன பலகை இன்னா ஆச்சுண்ணே?"

அந்தப் பேச்சை அவர் விரும்பவில்லை. போன மாதம் மாட்டிய பலகை உப்பு ஜாடி, புளிப்பானை, எண்ணெய் சீசாவோடு ஒரே நேரத்தில் தரைக்கு வந்துவிட்டது. ஆணியோடு ஒரு கைப்பிடி சுவரும் வந்தது.

தம்மபாலன் சாதாரண ஆள் இல்லை. சுரங்கத்தில் மிஷின்காரர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நின்று ஏழாயிரம் அடி இறங்கி, அழுத்தக் காற்றில் ஓடும் மிஷினைத் தொடையாலும் தோளாலும் முட்டுக்கொடுத்துப் பாறையைத் துளைக்கிறவர். பாறை அவருக்கு அடங்கியது. மூங்கில் தட்டியில் மண் பூசிய கம்பெனி வீட்டுச் சுவர் அடங்கவில்லை. அந்த அவமானம் அவரை உள்ளுக்குள் அரித்தது.

உண்மையைச் சொன்னால், அவர் பெண்டாட்டி லீலா பலகை கேட்கவே இல்லை. அவள் கேட்டது ஜன்னல். அடுப்பங்கரையில் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கதவு. புகை வெளியே போக வேண்டுமென்றால் லீலாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளும் ஏழு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"கண்ணு எரியுதுங்க. இருமலும் நிக்கல. பின்பக்கம் ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க."

"கம்பெனி சுவரு! ஓட்டை போட்டா லைன் மேஸ்திரி நம்மள வெளிய தள்ளிப் பூட்டிடுவாரு. தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப கேக்காத. பலகை வேணும்னா போட்டுத் தரேன்."

கேட்டது காற்று, கிடைத்தது பலகை. அவள் அதற்கு மேல் பேசவில்லை. லீலா பேசாமல் இருந்தால், தம்மபாலன் தாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

மிஷின் வந்த வழி இது. பங்களாவில் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியரான டெய்சியம்மா குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் அவருக்கு கவுன் தைத்துக் கொடுத்தவள் லீலா. மூட்டை கட்டவும் முந்தின நாளே உதவிக்குப் போயிருந்தாள். அன்று தம்மபாலனும் கூடப் போனார்.

"கப்பல்ல இந்த கனமெல்லாம் ஏத்த முடியாது மேன்," என்றார் டெய்சியம்மா, மேஜையைக் காட்டி. "ரெண்டு டிரில் கீது. என் ஞாபகமா லீலாவுக்கு ஒண்ணு. நீயே பாத்து எடு."

ஒன்று சின்னது. துப்பாக்கி போல ஒரு கையில் அடங்கும். வீட்டுக்குப் பழக்கப்பட்ட பிராணி போல சாதுவாகக் கிடந்தது. இன்னொன்று பெரியது. ஆட்டுக்குட்டி கனம். பின்னால் மண்வெட்டிப் பிடி மாதிரி ஒரு பிடி, பக்கத்தில் இன்னொன்று. கறுப்பு ஒயர் மலைப்பாம்பாகச் சுருண்டிருந்தது.

"சின்னதே போதுங்க," என்றாள் லீலா.

"இன்னாத்துக்கு?"

"பெருசு கனமா கீதே. உங்களுக்கு முடியுமா?"

மேஜை மேல் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் கூட அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டிருக்கும்.

"எனக்கா? கீழ நான் புடிக்கிற மிஷினு முன்னாடி இது கொசு!"

"வீட்டு வேலைக்கு சின்னதுதான் சரி மேன். என் ஹஸ்பண்ட் அலமாரியெல்லாம் அதுலதான் செஞ்சார்."

"அது மரத்துக்கு, டெய்சியம்மா. சுவத்துக்கு வேற." சின்னதை ஓட்டிப் பார்த்தார். ஈ போல முனகியது. பெரியதை ஓட்டினார். தம்ளர்கள் நடுங்கின. அவர் முகம் மலர்ந்தது. "இது மிஷினு!"

லீலா ஒரு பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். நான் சொன்னா எங்க கேக்கறீங்க?"

உற்சவமூர்த்தியைத் தூக்குவது போல அதைத் தோளில் வைத்துக்கொண்டு லைன் முழுக்கச் சுற்றி வந்தார் தம்மபாலன். நேர்வழியில் வந்திருந்தால் பத்து வீடுதான்.

"இன்னாண்ணே, வூட்டுக்குள்ளயே சுரங்க ஷாப்டு தோண்டப் போறீங்களா?" என்றாள் பாப்பம்மா.

வீட்டில் மொத்தமே ஒரு பல்பு. அதுவும் முன் ரூமில். பல்பைக் கழற்றி, ஹோல்டரில் ஒயரைச் சொருகினார்.

"இங்கயே முன் சுவத்துல போட்டுடுங்க. அடுப்பங்கரை உங்களுக்கு ஆவாது. புகையா கீது."

"எனக்கா ஆவாது? வெடிப்புகையில பொழைக்கிறவன்டி நான்!"

அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். மத்தியானச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் இரண்டு கண்ணும் அருவியாகிவிட்டன. சுரங்கத்தில் வெடி வைத்தால் புகை அடங்கும் வரைக்கும் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இங்கே இவள் உட்கார்ந்து சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அவருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. அதை ஒரு இருமலில் மறைத்துவிட்டு அதட்டினார்.

"தண்ணி எங்க? சுவத்த நனைக்காம துளை போடக் கூடாது. தூசி நெஞ்சுல போய்க் குந்திக்கும்."

கீழே அது சட்டம். அந்தத் தூசியால் மூச்சு வாங்கி வீட்டோடு கிடப்பவர்களை அவருக்குத் தெரியும். அதனால் விபூதி மடிக்கிற காகிதத்தில் துளை போடச் சொன்னாலும் முதலில் தண்ணீர் கேட்பார்.

"கரண்டு மேல தண்ணி படலாமாங்க?"

"அதான் முன்னாடியே நனைக்கணும்ன்றேன். ரெண்டு செம்பு ஊத்து."

"காலையிலயே ஊத்திட்டேங்க."

"பாத்தியா! மிஷின்காரன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்!" சந்தோஷத்தில் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்க மறந்துவிட்டார்.

"தள்ளி நில்லு!" என்று சுரங்கக் குரலில் கத்தினார். காலை அகட்டினார். தொடையை முட்டுக்கொடுத்தார். தோளை வைத்து, பாறைக்குக் கொடுக்கிற மொத்த பலத்தையும் கொடுத்து, மிஷினை ஓட்டினார்.

கேழ்வரகுக் களியில் விரல் இறங்குவது போல இறங்கியது. பின்னாலேயே மிஷின் போனது. அதன் பின்னால் கை. தோள். தலை. ஒயர் இழுபட்டு ஹோல்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மண் பாளமாகச் சரிந்தது. பெரிய முறம் அளவு ஓட்டை. தம்மபாலனின் இடுப்புக்குக் கீழே உள்ளது அடுப்பங்கரையில் இருந்தது. மேலே உள்ளது கொல்லையில் இருந்தது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாப்பம்மா திரும்பிப் பார்த்தாள். "வாங்கண்ணே. வாசல் அந்தப் பக்கம் கீது."

அவர் தலைக்கு மேலாக, ஏழு வருஷத்துப் புகை அவசரமில்லாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

லீலா அவரை உள்ளே இழுத்துப் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "போச்சு! மேஸ்திரி!"

லீலா அவர் மீசையில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். "மேஸ்திரிய நான் பாத்துட்டேங்க. நிக்கிற சுவத்துல ஜன்னல் வெக்க ஆர்டர் இல்லையாம். வுழுந்த சுவருன்னா ஜன்னலோட கட்டித் தர ஆர்டர் கீதாம். நம்ம சுவருதான் வுழமாட்டேன்னு அடம் புடிச்சுது."

அவர் மெதுவாகக் கேட்டார். "எத்தினி செம்பு ஊத்துன?"

"செம்பு இல்லீங்க. ஒம்பது குடம்."

"அதுல நாலு நான் கொண்டாந்தது," என்றது ஓட்டைக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

"அப்ப சின்ன மிஷினு போதும்னியே?"

"சின்னதுக்கு ஒயரு நாலு முழம். முன் ரூமத் தாண்டாது. நேத்தே அளந்துட்டேன். சின்னது போதும்னாத்தானே நீங்க பெருச தூக்குவீங்க."

தம்மபாலன் தரையில் உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு இருமாமல் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வரவில்லை. ஆனாலும் ஒரு ஆம்பிளை கடைசி வார்த்தையாவது சொல்ல வேண்டாமா?

"சரி. ஜன்னலுக்கு நானே ஏற்பாடு பண்றேன். வேலு ஆசாரிகிட்ட சட்டத்துக்குச் சொல்லணும். அவரு செஞ்சு தர எத்தினி நாளாவுமோ!"

அவர் தினமும் படுத்தெழுந்த கட்டிலுக்கு அடியிலிருந்து, பச்சை பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம் ஒன்றை லீலா இழுத்து எடுத்தாள்.

"சட்டம் ரெடியாகி ஒரு மாசம் ஆவுதுங்க. மிஷின்காரர்தான் லேட்டு."