கரண்டு வந்துட்டாக

திண்டுக்கல்லில் மிக்ஸியை 'வாங்க' என்றும், மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை 'ஏலே' என்றும் அழைத்த ஒரே மனிதர் சால்டரு. இன்னொருவரும் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படி இரண்டு பேரை எங்கள் ஊர் தாங்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேட்டரிக் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கடை. 'ரேடியோ, டிவி, மற்றவை' என்று மட்டும் போர்டு. தச்சர் பென்சில் செருகுவது போல அவர் காதில் ஒரு முழம் சால்டரிங் கம்பி சுருண்டு கிடக்கும். அதனால் ஊருக்கு அவர் சால்டரு, எனக்குச் சால்டரு அண்ணன். நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "அத வச்சு என்னத்த ரிப்பேர் பாக்கப்போற?" என்றுதான் சொல்லியிருப்பார்.

எதைத் திறப்பதற்கு முன்பும் அதனிடம் அனுமதி கேட்பார். "செத்த நேரம் பொறுத்துக்கங்க, மூடியக் கழட்டிக்கிறேன்" என்று டிவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது டிவியின் சொந்தக்காரர், "எப்பண்ணே கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "ஏலே, அவுகளே இன்னும் வாயத் தொறக்கல. நீ எதுக்குப் பறக்குற?"

ஊரிலுள்ள போனையெல்லாம் ரிப்பேர் பார்த்தவரிடம் போன் கிடையாது. மூஞ்சியைப் பார்க்காமல் பேசுவது, பொருளைத் திறக்காமல் ரிப்பேர் சொல்வது மாதிரி என்பார். அவருக்கு வரும் அழைப்பெல்லாம் பேட்டரிக் கடைக்கு வரும். பேட்டரிக் கடைக்காரர் சுவரைத் தட்டுவார். சால்டரு பதிலுக்கு ஒருமுறை தட்டினால் 'வாரேன்', இரண்டுமுறை தட்டினால் 'செத்துட்டேன்னு சொல்லு'.

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தபோதுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியையே முதலில் தாண்டியவள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். கொடைரோடு போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் கத்தரியும் கனகாம்பரமும். தோட்டத்து மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பார். என் சடங்குக்கே தாமதமாக வந்தவர் அவர்.

கரண்டு வந்ததும் தோட்டக்காரரைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லும் ஒரு பெட்டி செய்யலாம் என்று சால்டரு அண்ணனிடம் சொன்னேன். கடையில் விற்கும் பெட்டி இங்கிலீஷில் பேசும், கெட்டுப்போனால் ஊமையாகிவிடும், அதைப் பார்க்க ஆள் வராது. அவர் யோசித்துவிட்டு, "கரண்டு வாரப்ப வரவேத்து நிக்க ஒரு ஆளு வேணும்ங்கிற. அம்புட்டுத்தான?" என்றார்.

பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டும் இணையதளம் ஒன்றில் எங்கள் பெட்டியைப் போட்டேன். என் போட்டோ, என் பெயர், கீழே 'பொறியாளர்'. இன்னும் பரீட்சையே எழுதவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன். அப்பா அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு டீக்கடையில் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நீட்டினார். "எம்புள்ள எந்திரம் செய்யுது" என்று சொல்லத்தான் அவர் டீயே குடித்தார்.

சால்டரு இந்த ஏற்பாட்டைத் தன் போக்கில் புரிந்துகொண்டார். "கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இம்புட்டுன்னு தலைக்கட்டு வரி போடுற மாதிரி." இல்லை என்றேன். "வரி குடுத்த வீட்டுக்குக் கறிப்பங்கு உண்டா இல்லையா?" ஒரு விதத்தில் உண்டு என்றேன். "அப்ப வரிதேன்." நாற்பத்து மூன்று பேர் பணம் போட்டார்கள். அவரைப் பொறுத்தவரை நாற்பத்து மூன்று தலைக்கட்டு.

நான்கு மாதம் உட்கார்ந்து பெட்டிக்கான சர்க்யூட் பலகையை வரைந்தேன். ஒரு மூலையில் என் பெயரைச் செம்பிலேயே பொறிக்கச் சொல்லியிருந்தேன். எல்லாம் முடிந்து சிப்பு வாங்கப் போனால், உலகத்தில் சிப்பு இல்லை. கொரோனா அடங்கி எழுந்த சமயம் அது. கார் கம்பெனிகளே வரிசையில் நின்றன. எங்களுக்குச் சிப்பு தருவதாகச் சொன்னவர், "ஒரு வருஷம் ஆகும், அதுவும் உறுதி இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

யாரோ ஒரு வியாபாரியிடம் கொஞ்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வரவழைத்தோம். பார்சலுக்குச் சால்டரு எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. நெடுந்தூரம் வந்திருக்கீக" என்று ஒரு சிப்பை எடுத்துத் துணிமேல் உட்காரவைத்தார். பெயின்ட் தின்னர் தொட்ட பஞ்சால் அதன் முகத்தைத் துடைத்தார். மேலே அச்சிட்டிருந்த எண் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறெதோ பழைய எண். போலி.

"ஏலே" என்றார் அந்தச் சிப்பைப் பார்த்து. "நீயெல்லாம் ஒரு சிப்பாலே?"

பேட்டரிக் கடைக்காரர் தலையை நீட்டினார். "என்னத்தா, சாமானைப் போயி ஏலேங்கிறாரு? ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

அந்த வாரம் இணையதளத்தில் ஒருவர், 'இது ஏமாற்று வேலையா?' என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு நேர் மேலே என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லது என்று வாழ்க்கையில் முதன்முறையாக நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. டீக்கடையில் இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியுமே.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடலாம் என்றேன்.

"கொடை தள்ளிப்போனா லெட்டரா போடுவாக? வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்லுவாக" என்றார். "ஏறு வண்டில."

அவருடைய பழைய மொபெட்டின் பின்னால், கையில் நாற்பத்து மூன்று பெயர் எழுதிய பட்டியலோடு, நான் திண்டுக்கல் சமவெளி முழுவதையும் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றுவார். உள்ளே வரச் சொன்னாலும் போகமாட்டார். "நீங்க குடுத்த வரிக்கு எந்திரம் வந்து சேரலைங்க. சிப்பு கெடைக்கல. பொறுத்துக்கிறீகளா, இல்ல திருப்பித் தந்துரவா? கேட்டுட்டுப் போக வந்தோம்." மூன்றாவது வீட்டில்தான் எனக்கு உறைத்தது. மனிதர்களிடம் அவர் மரியாதையாகப் பேசுகிறார்.

அய்யலூர்ப் பக்கம் ஒரு அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போய், திரை செத்த பட்டன் போன் ஒன்றைக் கொண்டுவந்தார். "கூப்புடுறதுக்குத்தேன சிப்பு வேணும்? இது கூப்புடும். மூஞ்சிதேன் தெரியாது."

சால்டரு அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பழைய போன் இருக்கிறதா என்று கேட்டோம். எல்லா வீட்டிலும் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் பணம் போட்டவர் சிங்கப்பூரில் இருந்தார். அதனால் அவர் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அந்த அம்மா தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏனுங்க, எனக்குக் கொழம்பு வெஞ்சனத்துக்குக் காசு அனுப்பவே என்ற பையன் ரெண்டு நாளு யோசிப்பானுங்க. உங்களுக்கு அனுப்பிச்சானுங்களா?" என்றார். பிறகு பையன் விட்டுப்போன போன்கள் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. திரும்பும்போது மொபெட்டில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாக்கு நிறைய போன்கள் உட்கார்ந்திருந்தன. பள்ளம் வந்தால் அவற்றிடம்தான், "புடிச்சுக்கங்க" என்றார்.

திட்டம் அப்படியே மாறியது. கரண்டு வந்ததும் பழைய போனின் பட்டனை ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ஒன்று அழுத்தும். போன் தோட்டக்காரரை அழைக்கும். திருவிழாக் கடையில் விற்கும் பேசும் பொம்மையின் குரல் பலகை அதன் வாயருகே பேசும். என்னுடைய பலகைக்கு அதில் இடமே இல்லை.

"பழைய போனை டப்பால வச்சுக் குடுத்தா எம்பேரு என்னண்ணே ஆகும்?"

"ஒம்பேரைப் படிச்சுப்புட்டா கரண்டு வருது?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "டப்பா மேல பெயின்ட்ல எழுதுவோம். பெருசா."

எழுதினார். நாற்பத்து மூன்று டப்பாவிலும், அவர் கையெழுத்தில், என் பெயர். ஒரு டப்பாவில்கூட அவருடையது இல்லை.

அவற்றைப் பணம் போட்டவர்களுக்குக் கொடுக்கும் முன், சோதனைக்கென்று கூடுதலாகச் செய்த முதல் பெட்டியை எங்கள் தோட்டத்தில் வைத்தோம். முதல் பட்டனில் அப்பாவின் எண், சோதித்துப் பார்க்க, அதற்கடுத்து ரிலே அழுத்தும் இரண்டாவது பட்டனில் என் எண். குரல் பதிய வேண்டும் என்றபோது சால்டருக்கு வெட்கம் வந்துவிட்டது. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு பொம்மைப் பலகையிடம் சொன்னார்: "ஏத்தா இன்ஜினியரு, கரண்டு வந்துட்டாக. போயி மோட்டாரப் போடு."

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டோம். மாற்றவே இல்லை. இன்றைக்கும் அப்பாவை அந்தப் பெட்டி 'ஏத்தா இன்ஜினியரு' என்றுதான் கூப்பிடுகிறது. அவரும், "இன்ஜினியரு மெட்ராஸ்ல இருக்கு. நான் போடுறேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகிறார்.

நான் சென்னைக்கு வேலைக்கு வந்த அடுத்த வருஷம் அந்தக் கடைவரிசையை இடித்துவிட்டார்கள். சால்டரு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகளின் எண்ணுக்கு எத்தனையோ முறை அழைத்துவிட்டேன். "அப்பா மாடியில பேசிக்கிட்டு இருக்காரும்மா" என்பார். யாரோடு என்றால், "வாஷிங் மெஷினோட." போனைக் கொடுங்கள் என்றால் வாங்கமாட்டாராம். "நேர்ல வாரேன்னு சொல்லு" என்கிறாராம். நான் ஓசூருக்குப் போன அன்று அவர் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தார். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, இடித்த இடத்தைப் பார்க்க.

இப்போது சிப்பு தாராளமாகக் கிடைக்கிறது. மூலையில் என் பெயர் பொறித்த பலகையை முழுதாகச் செய்து போன தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா அதைக் கையில் வாங்கி, என் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாருக்குத்தா. இது யாரு கொரல்ல பேசும்?" என்றார். நான் பலகையைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

சோதனைக்காகப் போட்ட இரண்டாவது எண்ணையும் எடுக்கவில்லை. அதனால் கொடைரோடு வழியில் ஒரு தோட்டத்துக்குக் கரண்டு வரும்போதெல்லாம் சென்னையில் என் போன் அடிக்கிறது. மீட்டிங் நடந்துகொண்டிருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுவேன். போனே வைத்துக்கொள்ளாத மனிதர், தினமும் என்னைக் கூப்பிடுகிறார். அந்த முனையில் கேட்க யாருமில்லை, வெறும் பொம்மைப் பலகை என்று, அதைச் செய்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும், "சரிண்ணே, போடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.